வரிசை

வாய்மொழித் தேர்வு அறையில் இருந்தவர்கள்: வெளியூர்ப் பேராசிரியர், துறைத்தலைவி, மாணவி பர்வீன், தண்ணீர் கொண்டுவந்த பணியாளர் தேவசகாயம். இதே கணிதப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். கல்லூரியில் அவரைச் சார் என்று கூப்பிடுகிறவள் பர்வீன் மட்டும்தான்.

“எண்களோட வரிசைய மாத்தினா விடை மாறுற கணக்கு ஒண்ணு சொல்லும்மா. சொன்னா பாஸ்” என்றார் பேராசிரியர்.

பர்வீன் மேசைமேல் விரலால் எதையோ எழுதி அழித்தாள்.

“அண்ணே, நீங்களாச்சும் சொல்றீங்களா?” பேராசிரியர் கிண்டலாகத் திரும்பினார்.

“கழித்தல், சார்.” தேவசகாயத்தின் வாய் முந்திக்கொண்டது.

“பாத்தியா! தண்ணி குடுக்கிறவருக்கே தெரியுது. அடுத்த வருஷம் வாம்மா.”

அவள் சொல்ல வேண்டியதைத் தான் முந்திச் சொல்லிவிட்டது தேவசகாயத்துக்கு உறைத்தது. பெரியவர்கள் கிளம்பினார்கள். “வரேன் சார்” என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பர்வீன் வெளியேறினாள். பின்னாலேயே வந்தவர், திறந்திருந்த கதவில் சாவியைத் திருப்பிவிட்டு, பிறகு அதை இழுத்தார். நீட்டிக்கொண்டிருந்த பூட்டின் நாக்கு கதவு நிலையில் இடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை நிமிராமல் நாக்கை உள்ளிழுத்து, முதலில் சாத்தினார், பிறகு பூட்டினார்.