இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?

"இந்த ஊட்டுல யாருது இந்த ரேடியோ?"

கையில் ஒரு ரேடியோவோடு சமையற்கட்டிலிருந்து வெளியே வந்த அங்கப்பன் போட்ட சத்தத்தில், மருமகள் முத்தாயி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். நாகலூர் எஸ்டேட்டில் அவர் மேஸ்திரி. பெண் பார்க்க வந்தபோது, "பொழுதுபோக்கு என்ன கண்ணு?" என்று அவர் கேட்டதற்குத் தையல் என்று பொய் சொன்னவள் அவள். பாட்டுக் கேட்டதற்காகப் பெற்ற மகனின் ரேடியோவையே அடித்து உடைத்தவர் அவர். அவளுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

"என்னோடதுங்க," என்றாள் மாமியார் ஆராயி.

"இந்த வயசுல உனக்குப் பாட்டு கேக்குதா?"

"ஒரு பொழுதுபோக்குதானுங்க."

"பூச்செடி வெச்சா அது பொழுதுபோக்கு. காதத் தொறந்து வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கறது சோம்பேறித்தனம்டி!"

ரேடியோவை வாசலுக்கு எதிரே இருந்த பள்ளத்தில் வீசினார். அது பாறையில் பட்டு நொறுங்கும் சத்தம் கேட்டது. விறுவிறுவென்று எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

முத்தாயி ஓடிவந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களே, அத்தை!"

"உனக்காகவா?" ஆராயி விழித்தாள்.

முத்தாயிக்குச் சந்தேகம் வந்தது. சமையற்கட்டுக்கு ஓடி, ராகிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து அவள் புதைத்து வைத்திருந்த ரேடியோ, வைத்த இடத்திலேயே இருந்தது.

பின்னாலேயே வந்த ஆராயி அதைப் பார்த்தாள். திரும்பிப் போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

"சத்தத்தக் கொறச்சு வெய்யி, கண்ணு."