திறக்காமல் போகாது

"கதவு திறக்கும்னு நிரூபிச்சாச்சு மாமா. இன்னும் என்ன சந்தேகம்?"

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான் மருமகன். மாமனார் சுவரில் சாய்ந்து நின்றபடி, தன் செல்போனில் இருந்த அவனுடைய நிரூபணத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கும் உட்கார நாற்காலி இல்லை. வேலை விஷயம் என்று வந்துவிட்டால் மாப்பிள்ளையாவது மச்சானாவது என்கிற ரகம் அவர்.

அவர் கம்பெனியில் ஒரே சட்டம்தான். ப்ரோகிராம் எழுதினால் மட்டும் போதாது, அது சொன்னதைச் செய்யும் என்று தர்க்கப்படி நிரூபிக்கவும் வேண்டும். கதவைத் திறந்து மூடும் இந்த ப்ரோகிராம் தேறினால் மருமகனுக்குத் தலைமைப் பொறியாளர் பதவி. தேறாவிட்டால் பழையபடி பிரிண்டருக்கு மை ஊற்றுகிற உத்தியோகம்.

"எப்படி நிரூபிச்சீங்க? சொல்லுங்க மாப்பிள்ளை."

"கதவு திறக்கவே திறக்காதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். கணக்கு எக்கச்சக்கமா இடிக்குது. அதனால திறக்கும்!"

"அதாவது, திறக்காம போகாது."

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"எப்படி ஒண்ணாகும்?" மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாவி எங்கேயோ இருக்குன்னு சொல்றதும், சாவியைக் கையில கொடுக்கறதும் ஒண்ணா? நம்ம தர்க்கத்துல, இருக்குன்னு சொன்னா எடுத்துக் காட்டணும். திறக்கும்னு சொன்னா, திறக்கிற வழியைப் படிப்படியா சொல்லணும். அந்த வழிதான் ப்ரோகிராமே!"

"எந்தக் கதவா இருந்தாலும் ஒண்ணு திறக்கும், இல்லேன்னா திறக்காது. திறக்காதுங்கறது தப்புன்னு காட்டிட்டேன். மிச்சம் இருக்கறது..."

"மிச்சத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வழி எங்க?"

மருமகன் தரையைப் பார்த்தான். மேலே பார்த்தான். இரண்டு இடத்திலும் வழி எழுதி வைத்திருக்கவில்லை. பாவம், பதவி கண்ணெதிரிலேயே கரைந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் ஃபெயிலா மாமா?"

"பதவியைத் தாராளமா எடுத்துக்குங்க. கார் வேணும்னாலும் தர்றேன்." மாமனார் திடீரென்று கைகூப்பினார். "வழியை மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை."

மருமகன் ஒரு கணம் யோசித்தான். பிறகு இரண்டு கைகளாலும் கதவை ஓங்கித் தட்டி, "யாராவது இருக்கீங்களா? காப்பாத்துங்க!" என்று அலறினான்.

அவனுடைய ப்ரோகிராமில் அன்று முதன்முதலாக ஓடி, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே நின்றுபோயிருந்த லிஃப்ட், பதிலுக்கு லேசாக ஆடியது.