ஒரு வழிப் பயணத்துக்கு நாலு சக்கரம்

"வீட்டுல இருக்காரே, அவருக்குத் தெரியுமா?" என்று டயர்க்கடை ஹில்டிங் கேட்டதும் குன்வோருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்தாளு காதுக்கே போகக் கூடாது அண்ணே. போச்சு, எல்லாம் கெட்டுது."

லிக்செலெ சின்ன ஊர். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அதனால்தான் பனிக்காலத்துக்கென்று மாட்டிய ஆணி டயர் கடகடக்கத் தன் குட்டி வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே கடைக்குள் நுழைந்திருந்தாள்.

வெறும் டயரை வாங்கினால் மாட்டுவதற்கு வண்டியைக் கடைக்குக் கொண்டு வரவேண்டும். வீட்டிலேயே கமுக்கமாக மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால் சக்கரத்தோடு சேர்த்து வாங்க வேண்டும். கையில் இருந்ததோ மூவாயிரம் குரோனர். அதற்குப் புதுசு கனவிலும் கிடைக்காது.

அளவு எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு ஹில்டிங் மூலையிலிருந்து ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். பளபளவென்று இருந்தது. குன்வோர் குனிந்து, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த தயாரிப்பு வருஷத்தைப் படித்தாள்.

"இது பத்து வருஷக் கிழடு. ரப்பர் கல்லாட்டம் இருக்கும்."

"மலிவா வேணும்னு நீதானேம்மா சொன்னே?"

"மலிவா வேணும்தான். அதுக்காகப் பாதி வழியில சறுக்கி, திரும்பி இங்கேயே வந்து நிக்கிற கதை ஆயிடக் கூடாது."

"எம்புட்டு தூரம் போகணும்?"

"கால்மர்."

"ஆத்தாடி! நாட்டோட அந்தக் கோடியில்ல அது? போயிட்டுத் திரும்பி வரணும்ல?"

"திரும்பியா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒரு வழி போதும் அண்ணே."

ஹில்டிங் அவள் முகத்தைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய், துருவேறிய இரும்புச் சக்கரங்களில் மாட்டிய நாலு ஆணி டயர்களைக் கொண்டுவந்தார். "அழகு பார்க்காதே. ரப்பர் புதுசாட்டம் இருக்கு, ஒரு ஆணிகூட விழலை. அஞ்சாயிரம் சொல்றது. நீ மூவாயிரமே குடு."

குன்வோருக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியில் ஏற்றிவிட வந்தவர், அவளுடைய முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் ஸ்டுரே சோபாவில் கிடந்தான். கால் மேஜை மேல், டிவி ஊரைக் கூட்டியது. டிசம்பர் லூசியா பண்டிகைக்கென்று அவள் சுட்டு வைத்திருந்த குங்குமப்பூ பன்னில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"எங்கே சுத்திட்டு வரே? காபி போட ஆளில்லை இங்கே."

"கடைக்கு" என்றாள்.

கிளம்புகிற பேச்சை அவள் எடுத்தாலே அவனிடம் ஒரே பாட்டுத்தான். "இந்தப் பனியில யாராவது வீட்டை விட்டு வெளியே போவாங்களா? ஊர் என்ன பேசும்? கோடை டயரோட ரோட்டுல ஏறினா போலீஸ் சும்மா விடுவானா? மார்ச் முடியட்டும், பார்க்கலாம்."

மார்ச்! இன்னும் மூன்றரை மாதம்! இதே செருமல், இதே டிவி, வெங்காயம் நறுக்குவதில்கூட இதே நொட்டை. நினைத்தாலே குன்வோருக்கு மூச்சு முட்டியது. நாலு சுவரும் நெருங்கி வந்து நெஞ்சை அழுத்துவது போலிருந்தது.

"சவுனா சூடாயிடுச்சா?" என்று கேட்டபடி அவன் எழுந்தான். அந்த ஆவிக்குளியல் அறைக்குள் போனால் வெளியே வர ஒரு மணி நேரமாகும். அதற்காகத்தானே விறகை அள்ளிப் போட்டிருந்தாள்!

கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே நின்ற வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினாள். போல்ட் ஒன்று இம்மியும் அசையவில்லை. "வந்து தொலையேன் சனியனே!" என்று ஸ்பேனர் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள். கடைசியில் அது கிறீச்சென்று மசிந்தது.

மூன்றாவது சக்கரத்தில் சவுனாக் கதவு படாரென்று திறந்தது. குன்வோர் வண்டிக்குப் பின்னால் பதுங்கினாள். ஸ்டுரே பிறந்த மேனிக்கு வந்து பனியில் ஒரு புரள் புரண்டுவிட்டு, அலறிக்கொண்டே உள்ளே ஓடினான். நல்லவேளை, பார்க்கவில்லை.

கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியை இழுத்துவந்து பின்சீட்டில் திணித்தாள். நிமிர்ந்தால், இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் ஆவி பறக்கக் கொட்டகை வாசலில் நின்றிருந்தான் ஸ்டுரே.

"என்ன குன்வோர் இது? யாரைக் கேட்டு இந்த வேலையெல்லாம்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக வண்டிச் சாவியை அவன் ஈரக் கையில் வைத்தாள்.

"பழைய பனிச்சறுக்குக் கட்டையை எடுத்துக்கிட்டு ஒரே ராத்திரியில கால்மருக்குத் திரும்பிப் போயிடறேன்னு என் வீட்டுக்கு வந்தவன் நீ. இந்தா, உன் வண்டிக்கு ஆணி டயர் போட்டாச்சு."

"குன்வோர்... இந்தப் பனியில..."

"விவாகரத்தாகி ஆறு வருஷமாச்சு, கிளம்பு!"