கடைசி எழுத்து

“இங்கிலீஷ்ல மேட்னா என்னடி?” என்று எட்டாம் வகுப்பில் அனுசூயா கேட்டாள்.

“தோழி.”

“வேலைக்காரியும் மேட்தான்டி, லூசு. கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னா தோழி, மெல்ல விட்டா வேலைக்காரி.”

தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த வருடமே என் படிப்பு நின்றுபோனது.

நேற்று அவளுடைய பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தாள். கல்லூரித் தோழிகள் என்னை யாரென்று கேட்டார்கள்.

“மை மேட்,” என்றாள். கடைசி எழுத்து எனக்கு அழுத்தமாகத்தான் கேட்டது.

சாப்பிட்டு முடித்த ஒருத்தி, “அக்கா, இதை எடுத்துட்டுப் போங்க,” என்று எச்சில் தட்டை என்னிடம் நீட்டினாள். நான் அனுசூயாவைப் பார்த்தேன். அவள் தன் தட்டையும் அதன்மேல் வைத்தாள்.

இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன்.