மங்கில் நிறையும் தூள்

லகாட் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன் பத்துமலை ரப்பர்ப் பலகையால் கட்டிய வீட்டுக்கு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாலை வெயில் பலகைச் சுவரில் ஊசி ஊசியாக நுழைகிறது. அத்தனையும் பூச்சி போட்ட துளைகள். ஒவ்வொரு கதிரிலும் வெள்ளைத் தூள் மிதந்து இறங்கி, மூடிவைத்த சோற்றுப் பானையின் மேல் படிகிறது. சுவரில் காதை வைத்தால், யாரோ ஓயாமல் எதையோ மென்றுகொண்டிருப்பது போல ஒரு மெல்லிய அரவம். அவன் மனைவி மங்களம் பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்குகிறாள்.

“செம்பனை நடுறதுக்கு ரப்பர் மரத்த எல்லாம் சாய்ச்சு எரிக்கிறானுங்க, இத விட்டுட்டு எதுக்குக் காட்டு மரத்த வெட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க,” என்கிறாள், தலை நிமிராமல்.

“நமக்குப் பால் கொடுத்த மரம் லா.”

“அந்தப் பால்தான் பூச்சிக்கு இனிக்குது போல.”

அவன் நடுத்தூணிடம் போகிறான். அது தோட்டத்தில் அவனுடைய நிரையில் நின்ற மரம். அதை மட்டும் பட்டை சீவ மனம் வராமல் அப்படியே நட்டிருக்கிறான். வருடக்கணக்கில் அவன் பால் வெட்டிய சாய்ந்த கோடு அதில் அப்படியே இருக்கிறது. கட்டை விரலால் அழுத்துகிறான். நகம் வரைக்கும் உள்ளே போகிறது. மேலே தகரம் முனகுகிறது. கோட்டு வழியே தூள் சறுக்கி, அடியில் மங்களம் வைத்திருக்கும் மங்கில், மரத்தில் பால் பிடிக்கும் அந்தப் பழைய கிண்ணத்தில், கொட்டுகிறது.

“மங்கு நிறைஞ்சிருச்சு,” என்கிறாள்.

குனிந்து எடுக்கிறான். பழகிய கை, ஊற்றுவதற்குப் பால் வாளியைத் தேடித் திரும்புகிறது.