ரங்கூன் பலகை

"பொய் சொல்றா பாய். அந்தப் பாதையில ஆஸ்பத்திரியே கிடையாது. நானும் நடந்துதானே வந்தேன்?"

பர்மாவிலிருந்து தப்பி வந்திருந்த மருது இப்படிச் சொன்னதும், குடைக்கடை முன்னால் நின்ற கூட்டம் சோணையம்மாளைத் திரும்பிப் பார்த்தது.

1942, வைகாசி மாதம். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, காடு மலை தாண்டித் தப்பியவர்கள் மதுரை ஸ்டேஷனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குடைக்கடை வைத்திருந்த அப்துல் வஹீது, வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். யாரை எங்கே பார்த்தோம் என்று வந்தவர்கள் சொல்வார்கள், அவர் எழுதுவார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து உறவுக்காரர்கள் வந்து கேட்டுப் போவார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

அதிகம் சொன்னவள் சோணையம்மாள். அலங்காநல்லூர்க்காரி. கைக்குழந்தையோடு நடந்தே வந்தவள். இதுவரை பதினேழு சாவு சொல்லியிருந்தாள். அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில், கட்டிலில் படுத்து, நல்லபடியாகப் போனார்களாம். கேட்டவர்கள் அழுதுகொண்டே அவள் மடியில் ஒரு பிடி தானியம் போடுவார்கள்.

"கம்புக்கும் அரிசிக்கும் கதை கட்டுறா," என்றான் மருது.

எழுமலையிலிருந்து வந்திருந்த ஒச்சாயி சட்டென்று நிமிர்ந்தாள். புருஷன் விருமாண்டி செத்துப்போனதைச் சற்று முன்புதான் சோணையம்மாள் சொல்லியிருந்தாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரா பாய்?"

வஹீது சோணையம்மாளைக் கடைக்குள் கூட்டிப் போனார்.

"நெசத்தைச் சொல்லும்மா."

"செத்தது நெசம்ணே. வலது கையில ஆறு விரலு. கட்டிலுதான் இல்ல. பாதையோரம் புழுதியில கெடந்தாரு. விடிஞ்சு பாத்தா மேலெல்லாம் எறும்பு. அதையா அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லச் சொல்றீக?"

வஹீது வெளியே வந்தார்.

"ஒச்சாயி, உன் வீட்டுக்காரருக்குக் கையில ஏதும் அடையாளம் உண்டா?"

"வலது கையில ஆறு விரலு."

வஹீது சாக்கட்டியை எடுத்தார். 'விருமாண்டி, எழுமலை. ஆஸ்பத்திரியில் காலமானார்' என்று எழுதினார். மருது ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"தீர விசாரிச்சிட்டேன் மருது. நீ போ."

ஒச்சாயி தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொண்டுவந்த கம்பைச் சோணையம்மாள் மடியில் கொட்டிவிட்டு நடந்தாள்.

கூட்டம் கலைந்ததும் வஹீது கேட்டார்.

"உன் சொந்தமில்ல, பந்தமில்ல. அம்புட்டுப் பேரோட பேரும் ஊரும் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

சோணையம்மாள் தூங்கும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"தங்குன எடத்துலெல்லாம் எங்கிட்டத் தண்ணி கேட்டாங்கண்ணே. இவளுக்குன்னு ஒரு குவளை வச்சிருந்தேன். குடுக்கல. பேரையும் ஊரையும் மட்டும் கேட்டு வச்சுக்கிட்டேன்."