மூழ்கி இறப்பவர் ஒருவர்

கொள்ளிடக் கரையில் பாய் கட்டிய பலகையில் ஆற்றில் சறுக்கி விளையாடுபவர்களுக்கு அன்றன்றைய காற்று நிலவரத்தை வாசிப்பது மங்கையர்க்கரசியின் வேலை. காலையில் ஒலிபெருக்கியில் வாசித்தாள்: "மேற்குக் காற்று, மணிக்கு நாற்பது கிலோமீட்டர். மழை இல்லை. மூழ்கி இறப்பவர் ஒருவர்."

நிலவரம் ஒருநாளும் பொய்த்ததில்லை. அவள் கணவன் திருமேனி உட்பட முப்பது பேர் பாயை விரித்து வைத்துக்கொண்டு, ஆற்றில் இறங்காமல் நின்றார்கள்.

பத்து மணிக்கு வெளியூர்க்காரர் ஒருவர் புதுப் பலகையோடு வந்தார்.

"லேட்டாயிடுச்சு, நிலவரம் கேக்கல. காத்து எப்படிங்க?"

எல்லோரும் மங்கையர்க்கரசியைப் பார்த்தார்கள். அவள் கணவனைப் பார்த்தாள்.

"அருமையான காத்துங்க. தைரியமா போங்க" என்றாள்.

அவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். நடு ஆற்றில் பாய் கவிழ்ந்தது. பலகை மட்டும் தனியே மிதந்தது.

திருமேனி அவளுக்குக் கையசைத்துவிட்டுத் தன் பலகையோடு தண்ணீரில் பாய்ந்தான். மற்றவர்களும் ஆரவாரத்தோடு அவன் பின்னால் இறங்கினார்கள்.